பின் சீட்டு எடை

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கு அந்தப் பாலைவன மணல் இருமல் விட்டதா? விடாவிட்டால் முகாம் டாக்டரிடம் போ. உன் அறையில் இருக்கும் வெல்டர் கொடுக்கிற மாத்திரையை வாங்கி வாயில் போடாதே. அவர் இரும்பை ஒட்டவைக்கத் தெரிந்தவர், அவ்வளவுதான்.

போன வாரம் ஃபோனை வைத்தது நான். வைத்தவர்தான் முதல் கடிதம் எழுத வேண்டும் என்பது நம் சட்டம், ஆகவே எழுதுகிறேன். ஃபோனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. எழுதினால் இரண்டு பேரும் மனிதர்களாக இருக்கிறோம். டிசம்பரில் உன் ஒப்பந்தம் முடிகிறது, வீட்டுக்கு வருவாயா, இல்லை இன்னும் மூன்று வருஷத்துக்கு அங்கேயே கையெழுத்துப் போடுவாயா என்ற பேச்சை இனி எடுக்கமாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்தேன். எடுக்கவில்லை. இப்போது எழுதியதை எடுத்ததாகச் சேர்க்காதே.

வீட்டு விஷயம் எழுதினால் உன்னிடமிருந்து பதில் வராது என்று எனக்குத் தெரியும். ஆகையால் கார் விஷயம். நீ விட்டுப்போன டப்பா மேம்பாலம் ஏறுவதற்குள் எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறான். பக்கத்து சீட்டில் பல் டாக்டர்களுக்குக் கொடுக்க வேண்டிய செட் பல்லும் கேப்பும் டப்பா டப்பாவாக இருக்கின்றன. ஒரு தடவை பிரேக் பிடித்ததில் யாரோ ஒருவருடைய மேல்வரிசை முழுவதும் என் செருப்புக்கு அடியில் போய்விட்டது. நான் பல் செய்கிற ஆய்வகத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி மெழுகிலிருந்து ஆரம்பித்தேன்.

காரைக் கொஞ்சம் தேற்ற வேண்டும். எஞ்சினைப் பிரிக்காமல், போல்ட் போட்டு முடுக்கினால் போதும் என்கிற மாதிரி என்னென்ன இருக்கிறது? எதை முதலில் வாங்கலாம்? எனக்கு ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொண்டு எழுது.

உன் மகள் பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் நான்காவதாக வந்தாள். ஓடியது நான்கு பேர்தான் என்பதை என்னிடம் இரண்டு நாள் கழித்துச் சொன்னாள். அவளுக்கு இப்போது குண்டூசி என்று பேர் வைத்திருக்கிறேன். ஒல்லியாக இருக்கிறாள், குத்துகிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. மாத்திரையால் அல்ல, காற்று திசை மாறியதால். உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்கக் குனிந்து பல் செதுக்கினால் முதுகு என்ன செய்யும் பாவம்.

என் வண்டியை டப்பா என்று எழுதியிருக்கிறாய். பரவாயில்லை, தூரத்தில் இருக்கிறேன், கேட்க ஆளில்லை என்ற தைரியம்.

முதலில் எஞ்சின் மேல் பழி போடுவதை நிறுத்து. ஸ்பார்க் பிளக் மாற்றி எவ்வளவு காலம் ஆயிற்று? டயரில் காற்று பார்த்தாயா? இது இரண்டையும் செய்யாமல் புதுச் சாமான் வாங்கினால் காசுக்குக் கேடு. புதிதாக வண்டியைத் தேற்ற வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். சத்தம் வருகிற சாமானை முதலில் வாங்கிவிடுகிறார்கள். சத்தம் கூடினால் வேகம் கூடியதுபோல மனசுக்குத் தோன்றும், அவ்வளவுதான்.

நல்ல டயர் வாங்கு. கம்பெனி போட்டுக் கொடுத்தது மைலேஜுக்காகப் போட்டது, மழையில் வழுக்கும். அடுத்தது பிரேக் பேட். மலிவானது வேண்டாம். வேகமாகப் போவதைப் பிறகு பார்க்கலாம், முதலில் நிற்கத் தெரிய வேண்டும். காற்று ஃபில்டர், சைலன்சர், ஸ்பிரிங் எல்லாம் வரிசையில் நிற்கட்டும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். ஒன்றை மாற்று, சில வாரம் ஓட்டு, எனக்கு எழுது. நான் அடுத்ததைச் சொல்கிறேன்.

முக்கியமான விஷயம். காலி வண்டியில் பிரேக்கைச் சோதிக்காதே. பின் சீட்டில், இடது பக்கம், இருபது கிலோ வை. அந்த இடத்தில் எடை இருக்கும்போது வண்டி எப்படி நிற்கிறது என்று தெரிய வேண்டும். வலது பக்கம் அல்ல, இடது பக்கம்.

இங்கே கம்ப்ரஸர் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அது நின்றால்தான் பழுது பார்க்கிற எங்களுக்கு வேலை. ஓடிக்கொண்டிருந்தால் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், எனக்கு அது வரமாட்டேன் என்கிறது. டயர் பற்றி உடனே எழுது.

உன் தம்பி


பிப்ரவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சௌக்கியம். நீயும் அப்படியே என்று நினைக்கிறேன். மூன்று பக்கம் எழுதுகிற அளவுக்கு உடம்பில் தெம்பு இருக்கிறதே!

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நம் தெருக்கோடி மெக்கானிக்கிடம் போனேன். அவரை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தவர். எதைக் கேட்டாலும், "மேடம், முதல்ல ரெண்டு பக்கமும் செகப்பு ஸ்டிக்கர் ஒட்டிரலாம், வண்டி பறக்கும்" என்கிறார். அதனால் அவர் எங்களுக்கு ஸ்டிக்கர் அண்ணன். டயர் போதும் என்றதும் முகம் தொங்கிப்போயிற்று.

பிளக், டயர், பிரேக் பேட் மூன்றும் மாற்றியாயிற்று. டப்பா இப்போது பிடித்தால் நிற்கிறது. மேம்பாலத்தில் லாரிக்காரன் இன்னும் ஹாரன் அடிக்கிறான், ஆனால் எனக்குப் பயமில்லை.

நீ சொன்ன இருபது கிலோவுக்கு ஆய்வகத்திலிருந்து அச்சு எடுக்கிற பிளாஸ்டர் மூட்டை ஒன்றைத் தூக்கிவந்து இடது பக்கம் வைத்தேன். சாயங்காலம் பள்ளி வாசலில் குண்டூசி கதவைத் திறந்தாள்.

"அத்தை, என் எடத்துல யாரு இது?"

"இருபது கிலோ. உங்கப்பா வைக்கச் சொன்னார்."

"நானும் இருபது கிலோதானே? ஸ்கூல்ல நிறுத்தாங்க."

மூட்டையை வலது பக்கம் தள்ளிவிட்டு அதற்கு பெல்ட் போட்டாள். பிறகு தனக்குப் போட்டுக்கொண்டாள். நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை இன்னொரு முறை எடுத்துப் படித்தேன். அடுத்து என்ன மாற்றலாம் என்று சொல்.

உன் அக்கா


மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. ஒரு கம்ப்ரஸரைப் பிரித்துப் போட்டிருந்தோம், கை கழுவ நேரமில்லை. நான் நலம். நீ நலம்தானே?

பிரேக் நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுதியிருக்கிறாய். பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கிறதா? ஸ்டியரிங்கைச் சும்மா பிடித்துக்கொண்டு காலியான சாலையில் பார். மூட்டைக்கு பெல்ட் போட்டது சரியான காரியம். ஆனால் இடது பக்க பெல்ட்டின் பூட்டு பழசு, நான் இருக்கும்போதே சில நேரம் நழுவும். பலமாக இழுத்துப் பார். நழுவினால் அன்றைக்கே மாற்று, என் பதிலுக்குக் காத்திராதே.

அடுத்தது காற்று ஃபில்டர். பழைய பெட்டிக்குள்ளேயே பொருந்துகிற நல்ல ஃபில்டர் கிடைக்கும், அதை வாங்கு. ஸ்டிக்கர் அண்ணன் கூம்பு மாதிரி திறந்து கிடக்கிற ஒன்றைக் காட்டுவார். வேண்டாம். அது பானட்டுக்குள் இருக்கிற சூடான காற்றைத்தான் குடிக்கும். சூடான காற்று எஞ்சினுக்குப் பலம் தராது. உறுமும், ஓடாது.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. வேலை முடிந்ததும் கண்டெய்னர் அறைகளுக்கு நடுவில் முள்வேலி வரை நடப்பேன், திரும்புவேன், மறுபடி நடப்பேன். வெல்டர் கேட்டார், "என்னய்யா, எதையாவது தொலைச்சுட்டியா?" ஒன்றும் இல்லை என்றேன்.

உன் தம்பி


ஏப்ரல் 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம். பெல்ட் பூட்டு நழுவியது, மாற்றிவிட்டேன். நீ அங்கிருந்தே எப்படிக் கண்டாயோ!

இனி சொல்வதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாதே. கூம்பு ஃபில்டரைத்தான் போட்டேன். ஸ்டிக்கர் அண்ணன் காதில் நன்றாகப் பூச்சுற்றிவிட்டார். முதல் இரண்டு நாள் நான் ஏதோ விமானத்தில் போகிறவள் மாதிரி இருந்தேன். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு உறுமல், உடம்பெல்லாம் ஒரு துடிப்பு. உண்மையைச் சொல்கிறேன், பிடித்திருந்தது. எனக்கு இந்த வயதில் கார் உறுமுவது பிடிக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நாள் முழுக்க ஊர் பேர் தெரியாதவர்களின் பல்லைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு வேறென்ன இருக்கிறது?

மூன்றாவது நாள் மேம்பாலத்தில் அதே லாரிக்காரன், அதே ஹாரன். ஒரு அடிகூட அதிகமாக இழுக்கவில்லை. அன்று மத்தியானமே கூம்பைக் கழற்றச் சொல்லிவிட்டு நீ சொன்னதைப் போட்டேன். ஸ்டிக்கர் அண்ணன், "அப்ப ஸ்டிக்கராவது ஒட்டிக்கலாமே மேடம்" என்றார்.

குண்டூசிக்கு முன்பல் விழுந்துவிட்டது. பல் கட்டுகிறவள் வீட்டில் ஒரு பல் குறைகிறது! கையில் எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கே வந்துவிட்டாள். "அத்தை, இதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடு, நாளைக்கு போட்டோ எடுக்கறாங்க" என்று ஒரே பிடிவாதம். தானாக முளைக்கும் என்றால் நம்பவில்லை. வாயை மூடிக்கொண்டே போட்டோவுக்கு நின்றிருக்கிறாள். அந்தப் போட்டோவை இதோடு வைத்திருக்கிறேன்.

உனக்கு ஏதாவது கேட்கத் தோன்றினால் கேள். காரைத் தவிர வேறு எது கேட்டாலும் நான் பதில் எழுதுவேன்.

உன் அக்கா


மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். போட்டோ கிடைத்தது.

ஃபில்டர் விஷயத்தில் திட்டப்போவதில்லை. கழற்றினாயே, அது போதும்.

அடுத்தது என்ன என்று இந்த முறை நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நிறைய யோசித்தேன். மேம்பாலத்திலிருந்து இறங்குகிற வளைவு ஒன்று இருக்கிறதே, அங்கே பஸ் ஒட்டி வந்தால் நம் வண்டி சாயும். சாய்ந்தால் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள் கதவில் போய் மோதுவார்கள். ஆகவே ஸ்பிரிங்கை மாற்றலாம். கொஞ்சம் கெட்டியானது, கொஞ்சம் தாழ்வானது. கூடவே பானட்டுக்குள் இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிக்கிற ஒரு கம்பி வரும், ஸ்ட்ரட் பார் என்று கேள். நான்கு போல்ட்தான், நீயே முடுக்கிவிடலாம்.

ஸ்பிரிங் விற்கிறவர் பின்னால் வழக்கமாக எவ்வளவு எடை வரும் என்று கேட்பார். குத்துமதிப்பாகச் சொல்லாதே. அங்கே இப்போது எத்தனை கிலோ? பிப்ரவரியில் இருபது என்றாய். கூடியிருக்க வேண்டும். கூடவில்லையென்றால் ஏன் கூடவில்லை என்று எழுது. உயரமும் வேண்டும். பெல்ட் தோளில் வருகிறதா, கழுத்தில் வருகிறதா என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும். கழுத்தில் வந்தால் கீழே ஒரு கெட்டித் தலையணை வை.

வேறு விசேஷமில்லை. பகலில் வெளியே நிற்க முடியவில்லை. உள்ளே உட்காரவும் முடியவில்லை.

உன் தம்பி


ஜூன் 18

தம்பிக்கு,

நலம், நலம், நலம். உன்னையும் சேர்த்து மூன்று பேருக்கும் எழுதிவிட்டேன்.

இருபத்திரண்டு கிலோ. கார் பக்கத்தில் நின்றால் பின் கண்ணாடியின் கீழ் விளிம்பு மூக்குக்கு வருகிறது. பெல்ட் கழுத்தில்தான் வந்தது, தலையணை வைத்துவிட்டேன். இப்போது தோளில்.

அந்த இருபத்திரண்டு கிலோவுக்கு ஒரு வாய் இருக்கிறது தம்பி. காலையில் எழுந்ததிலிருந்து மூடாது. இரண்டு காது இருக்கிறது, நீ எழுதுகிற கடிதத்தை நான் வாசிக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதன் அம்மா கண்ணை மூடி மூன்று வருஷம். அதே வருஷம் நீயும் கிளம்பிப் போனாய். நான் பல் வைத்த டப்பாவுக்குக்கூட மேலே பேஷண்ட் பேரை எழுதுகிறேன். நீ உன் மகளை எடை என்று எழுதுகிறாய்.

வாக்குக் கொடுத்திருக்கிறேன், ஆகவே இதோடு நிறுத்துகிறேன். எழுதவந்தது ஸ்பிரிங் பற்றி.

ஒன்றொன்றாக மாற்று என்றாய். எனக்குப் பொறுமை போய்விட்டது. ஸ்பிரிங், ஸ்ட்ரட் பார் இரண்டோடு சைலன்சரையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். ஸ்டிக்கர் அண்ணனுக்கு வாயெல்லாம் பல். ஸ்ட்ரட் பாரை நானே முடுக்கினேன். கையில் ரத்தம் வந்தது. கோபம் கொஞ்சம் குறைந்தது.

அக்கா


ஜூலை 9

அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா. இப்படித்தான் ஆரம்பிக்கணும்னு அத்தை சொன்னாங்க.

புது ஸ்பிரிங் நல்லா இல்ல. வண்டி குதிக்குது. ஸ்பீட் பிரேக்கர்ல அடியில கர்ருனு கத்துது. எனக்கு ரெண்டு தடவ வாந்தி வந்துச்சு. ஒரு தடவ டாக்டர் பல்லு மேலயே எடுத்துட்டேன். அத்தை திட்டல. கழுவுனாங்க.

சைலன்சர் ரொம்ப சத்தம். அத்தை வந்தா ஸ்கூல்ல எல்லாரும் காத மூடிக்கறாங்க. நான் இப்ப நடந்து போறேன். அத்தையும் கூட நடந்து வர்றாங்க. அப்பறம் திரும்பி ஓடிப்போய் வண்டி எடுக்கறாங்க.

உங்க லெட்டர் வந்தா அத்தை சத்தமா படிப்பாங்க. என் பேரு வருதான்னு நான் கேட்டுக்கிட்டே இருப்பேன். வரல.

முன்பல்லு பாதி மொளச்சிருச்சு.

பழைய ஸ்பிரிங்க போடச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் போடணும்னு நான் அத்தகிட்ட சொல்லிட்டேன்.

இப்படிக்கு,
பின் சீட்டு


செப்டம்பர் 14

தம்பி,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். நிஜமாகவே கேட்கிறேன். மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. முகாம் அலுவலகத்துக்கு ஃபோன் போட்டேன். "நல்லாத்தான் இருக்கார், கூப்பிடட்டுமா?" என்றார்கள். வேண்டாம் என்று வைத்துவிட்டேன். நான் வைத்ததால் நான் எழுதுகிறேன்.

குண்டூசி தினமும் தபால் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது பார்ப்பதை நிறுத்திவிட்டாள், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பழைய ஸ்பிரிங்கைப் போட ஸ்டிக்கர் அண்ணனிடம் சொல்லிவிட்டு வந்தேன். இவள் விடவில்லை. "அப்பா சொல்லட்டும்" என்று காரின் முன்னால் போய் நின்றுகொண்டாள். ஸ்டிக்கர் அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கார் வாசலில் நிற்கிறது. நான் பல் டப்பாக்களை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகிறேன்.

அவள் உனக்கு எழுதியதில் ஒரு இடத்தைக் கவனித்தாயா? உன்னை நீங்க என்று எழுதியிருக்கிறாள். நீ போகும்போது உன் தோளில் ஏறிக்கொண்டு வாடா போடா என்றவள். ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டேன். "தெரியாதவங்கள அப்படித்தான கூப்பிடணும்?" என்றாள். நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

வாக்கை மீறுகிறேன். எனக்கு இந்தக் காரும் வேண்டாம், மேம்பாலமும் வேண்டாம். நான் ஜனவரியில் காரைப் பற்றி எழுதியது, நீ பதில் போடுகிற ஒரே விஷயம் அதுதான் என்பதால். ஒரு சாமான் முடிந்ததும் இன்னொன்று கேட்டேன், கடிதம் நின்றுவிடக் கூடாதே என்று. இப்படிக் கேட்டுக் கேட்டு ஒரு நல்ல வண்டியை உட்கார முடியாத வண்டியாக்கிவிட்டோம். நீயும் ஏன் முடிக்காமல் சொல்லிக்கொண்டே போனாய் என்று எனக்குத் தெரியும்.

நேராகக் கேட்கிறேன். டிசம்பரில் வருகிறாயா, இல்லையா? இல்லை என்றால் இல்லை என்று எழுது. அவளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். தெரியாமல் இருப்பதுதான் எங்களைத் தின்கிறது.

அக்கா


அக்டோபர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. உங்கள் இருவருக்கும் அப்படியே இருக்க வேண்டும்.

மறைக்காமல் எழுதுகிறேன். உன் முதல் கடிதம் வருவதற்கு முன்பே, இன்னும் மூன்று வருஷம் இருக்கிறேன் என்று மேலாளரிடம் வாயால் சொல்லிவிட்டேன். கையெழுத்து மட்டும் டிசம்பரில் என்று இருந்தது. ஒவ்வொரு கடிதத்திலும் இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதினால் நீ கடிதத்தை நிறுத்திவிடுவாய் என்று டயரைப் பற்றி எழுதினேன், ஸ்பிரிங்கைப் பற்றி எழுதினேன். அந்த வண்டிக்கு ஸ்பிரிங் மாற்றவே தேவையில்லை அக்கா. ஊர்ச் சாலைக்குக் கம்பெனி ஸ்பிரிங்தான் சரி. எனக்கு அது ஜனவரியிலேயே தெரியும்.

அவளைப் பற்றி ஏன் கேட்கவில்லை என்று கேட்பாய். போட்டோவில் வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள் பார், அப்படியே அவள் அம்மா. எனக்கு அவளோடு என்ன பேசுவது என்று தெரியவில்லை. மூன்று வருஷம் விட்டுவிட்டு வந்து, எப்படி இருக்கிறாய் என்று எந்த முகத்தோடு கேட்பது? எத்தனை கிலோ என்று கேட்க முடிந்தது. கெட்டியாகப் பெல்ட் போடச் சொல்ல முடிந்தது. அவ்வளவுதான் எனக்கு வந்தது.

அவள் கடிதம் வந்த அன்று கம்ப்ரஸர் அறையில் நின்று படித்தேன். அங்கே ஒருவர் அழுதால் அடுத்தவருக்குக் கேட்காது. பதில் எழுத உட்கார்ந்து எத்தனை தாளைக் கிழித்தேன் என்று வெல்டரைக் கேட்டால் சொல்வார். கடைசியில் அவர்தான், "யோவ், லெட்டர்ல என்னய்யா இருக்கு, ஆளு போய் நில்லுய்யா" என்று கத்தினார்.

போன வாரம் மேலாளரிடம் போய், இனி இங்கே இருக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம். கொடுத்த வார்த்தை என்ன ஆயிற்று என்றார். அதற்கு நான் வீட்டில்தான் பதில் சொல்ல வேண்டும் என்றேன். டிசம்பர் முதல் வாரம் கிளம்புகிறேன்.

இதோடு ஒட்டிய கவரில் அவளுக்கு எழுதியிருக்கிறேன். மேலே அவள் பேரை எழுதியிருக்கிறேன். நீ பிரிக்காதே, சத்தமாகவும் படிக்காதே. அவளிடமே கொடு.

தம்பி


டிசம்பர் 1

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ பெட்டி கட்டிக்கொண்டிருப்பாய்.

உன் கவரை அவளிடமே கொடுத்தேன். வாங்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினாள். வந்ததும், "பழைய ஸ்பிரிங் போடலாமாம், அப்பா சொல்லிட்டார்" என்றாள். மற்றது என்ன எழுதியிருந்தாய் என்று கேட்டேன். "அது எனக்கு" என்றாள். கவரை எங்கே வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. தேடவும் இல்லை. ஒரு தடவை தலையணைக்கு அடியில் கை வைத்துப் பார்த்தேன், அங்கே இல்லை.

ஸ்பிரிங், சைலன்சர் எல்லாம் பழையபடி. டயரையும் பிரேக்கையும் மட்டும் விட்டுவைத்தேன். ஸ்டிக்கர் அண்ணன் கண் கலங்காத குறை. போகட்டும் என்று பின்னால் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளச் சொன்னேன்.

இனி எழுதுவதை உன்னிடம் நேரில் சொல்லமாட்டேன். வா, வா என்று வருஷம் முழுக்க உன் உயிரை வாங்கியவள் நான்தான். நீ வருகிறேன் என்று எழுதியதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. நேற்று ஒரு பல்லை மூன்று தடவை செதுக்கி மூன்று தடவையும் கெடுத்தேன். குண்டூசி பள்ளி விட்டு வந்து, பையைப் போட்டுவிட்டு, "அத்தை" என்று ஒரு சத்தம் போடுவாள். அந்தச் சத்தம் இல்லாத வீட்டில் நான் என்ன செய்வேன்? நீ தனி வீடு பார்ப்பாய். பார்க்கத்தான் வேண்டும். உன் மகள், நீ கூட்டிக்கொண்டு போவாய். அவள் உன் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும் என்றுதான் நான் நினைக்க வேண்டும். என்னால் நினைக்க முடியவில்லை. அவள் ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்க வேண்டும், போகமாட்டேன் என்று ஒரு தடவையாவது அழ வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இப்படி ஒரு அக்கா உனக்கு.

இந்தக் கடிதம் அங்கே வந்து சேரும்போது நீ அங்கே இருக்கமாட்டாய். வெல்டர் வாங்கி வைப்பாரோ, திருப்பி அனுப்புவாரோ, தெரியாது. நீ கிளம்புகிற நாளைக் கணக்குப் பார்த்துத்தான் எழுதுகிறேன். நீ வாசலில் வந்து நிற்கும்போது, "வாடா, சாப்பிட்டியா?" என்று கேட்பேன். பிறகு உன் மகளைக் கூப்பிட்டு, முதுகில் கை வைத்து, உன் பக்கம் தள்ளிவிடுவேன்.

வழியில் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா